விடியும்வரை யாருக்கும் தெரியாது

கதையை முன்கூட்டி எழுதி வைக்காத ஆட்டம் ஏன் ஆளை இழுக்கிறது? காஞ்சிபுரத்துக் கூத்துக் களரியில் பாதி விடை இருக்கிறது.

பகாசூரனுக்குச் சோறு போகிற நாளில் பீமன் மாட்டுவண்டியில் வருவான். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் போட்டால் இரவெல்லாம் கூத்துதான். பகாசூரன் கதைக்கு மட்டும் ஊரே களரி ஆகிவிடும். வேஷம் கட்டிய பீமன் வண்டியில் உட்கார்ந்து தெருத்தெருவாகப் போவான். வாசலில் நிற்கும் பெண்கள் சோறும் குழம்பும் வடையும் பழமும் கொண்டுவந்து வைப்பார்கள். பீமன் தின்றுகொண்டே பேசுவான், பேசிக்கொண்டே தின்பான். எந்த வாசலில் யார் என்ன கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. “உங்கம்மா உனக்குச் சோறே போடலையாப்பா?” என்று ஒரு கிழவி கேட்டுவிட்டால், அந்த இடத்திலேயே பதில் வர வேண்டும். அதையும் பீமனாகவே சொல்ல வேண்டும்.

பகாசூரன் சாகப்போகிறான் என்பது வண்டி கிளம்பும் முன்பே ஊருக்குத் தெரியும். ஆனால் வண்டி கிளம்புவதற்கும் அவன் சாவதற்கும் நடுவே நடப்பதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அந்த எழுதாத நடுப்பகுதியையே முழு ஆட்டமாக எடுத்துக்கொண்ட ஒரு விளையாட்டு வகை அமெரிக்காவில் பிறந்து 50 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இங்கே அதை ரோல்பிளேயிங் கேம் என்றுதான் சொல்கிறார்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் சனி, ஞாயிறுகளில் ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, முகத்தில் அரிதாரம் பூசாமல், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிறார்கள். அதற்குள் ‘சாண்ட்பாக்ஸ்’ என்றொரு பிரிவு உண்டு. அதில் ஆட்டத்தை நடத்துகிறவர் கதையைத் தயாரிப்பதில்லை. ஓர் ஊரைத் தயாரிக்கிறார். அந்த ஊரில் என்ன நடக்கும் என்பதை ஆடுகிறவர்களின் முடிவும் பகடையும் தீர்மானிக்கின்றன. இதை மேல்நாட்டுப் புதுமை என்று வியக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். காஞ்சிபுரத்துப் பக்கத்தில் பாரதம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிதான் புதிது, அதுதான் கொஞ்சம் சிக்கலானதும்கூட.

ஒத்திகை இல்லாத எட்டு மணி நேரம்

தெரிந்த பாதியிலிருந்து தொடங்குவோம். ஊரார் தெருக்கூத்து என்று அழைக்கும் இந்தக் கலையை, தலையிலும் தோளிலும் மார்பிலும் பூட்டுகிற மர அணிகளை வைத்துக் கட்டைக்கூத்து என்று சொல்பவர்களும் உண்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கம் அந்தப் பெயரைத்தான் முன்வைக்கிறது. 1990-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் பின்னால் இருப்பவர்கள், பெருங்கட்டூர்ப் பரம்பரையில் சிறு வயதிலேயே வேஷம் கட்டத் தொடங்கிய பி. ராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புருயினும். 2002 முதல் 2020 வரை பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுத்தந்த குருகுலம் ஒன்றை அவர்கள் நடத்தினார்கள். ஆண்களே ஸ்திரீ பார்ட் கட்டிவந்த கலையில் பெண்பிள்ளைகளும் அங்கே பயிற்சி பெற்று, ஆண் வேஷங்களையும் கட்டினார்கள். டி புருயின் 1999-இல் வெளியிட்ட கட்டைக்கூத்து ஆய்வு நூலின் தலைப்பே இந்த மரபின் நெகிழ்வைத்தான் முன்னால் நிறுத்துகிறது. வளைந்துகொடுப்பதால்தான் இந்தக் கலை நிலைத்திருக்கிறது என்பது அவருடைய நோக்கு.

எப்படி வளைகிறது? கூத்துக்காரரின் தலைக்குள் விருத்தங்கள் இருக்கின்றன, பாட்டுகள் இருக்கின்றன, எந்த வேஷம் எந்த ராகத்தில் திரைக்குப் பின்னால் நின்று முதல் குரல் கொடுக்கும் என்பது இருக்கிறது. இவை ஜமா எனப்படும் ஒவ்வொரு கூத்துக் குழுவிலும் வாத்தியாரிடம் கேட்டுக் கேட்டுப் படிந்தவை. நடுவில் வருகிற பேச்சு பெரும்பாலும் அந்தந்த இரவில் பிறப்பது. நாடகக் கம்பெனி மாதிரி ஒத்திகை கிடையாது. வேறொரு ஜமாவிலிருந்து இன்றைக்கு மட்டும் வந்த கர்ணனும் இந்த ஜமாவின் பொன்னுருவியும் ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்த பிறகு களரியிலேயே ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் இரவில் அவன் எவ்வளவு நேரம் பாடிக்கொண்டே ஏறுவான் என்பதை, கீழே கூடியிருக்கும் கூட்டமும் அவன் தொண்டையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பதினெட்டாம் போர் இரவில் கிழக்கு வெளுக்கும்போது கதை படுகளத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். அதற்குள் எங்கே நீட்டுவது, எங்கே சுருக்குவது என்பது மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் ஆடுகிறவருக்கும் நடுவே கண்சாடையிலேயே நடக்கிற பேச்சுவார்த்தை.

எல்லாவற்றுக்கும் நடுவில் கட்டியங்காரன். திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவை “யாரய்யா நீ?” என்று கேட்டு வெளியே இழுப்பவன் அவன். அடுத்த நிமிடம் அவனே வாயில்காவலன், தூதன், வைத்தியன், கிழவி. போன வாரம் ஊரில் நடந்த சண்டை, ரேஷன் கடை வரிசை, தேர்தல் எல்லாம் அவன் வாயில் அஸ்தினாபுரத்து விவகாரமாகிவிடும். யாராவது நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால் போரை நிறுத்திப் பெயரை வாசிப்பவனும் அவன்தான். கூட்டத்தில் தூக்கம் தெரிந்தால் எழுப்புவதும், துக்கம் கூடிவிட்டால் சிரிப்பூட்டுவதும் அவன் பொறுப்பு. மேசை விளையாட்டில் கேம் மாஸ்டர் என்றொருவர் உண்டு. ஆடுகிறவர்களின் பாத்திரங்களைத் தவிர உலகத்தில் மிச்சமிருக்கிற அத்தனை பேராகவும் பேசுகிற அவருடைய வேலையைக் கட்டியங்காரனைப் பார்த்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நவீன நாடகக்காரரான ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துக் கூத்தின் பக்கம் திரும்பியதும், 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை பிறந்ததும் பலர் அறிந்த கதை. நவீன நாடகக்காரர்கள் இங்கிருந்து உடலையும் அடவையும் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதைவிடச் சாதாரணமான ஒன்று: எதிரில் இருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் வாயைத் திறக்கிற தைரியம்.

தோற்றதாக நினைத்த ஆட்டம்

1969. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சில இளைஞர்கள் பொம்மைப் படைகளை மேசையில் பரப்பிப் பழைய போர்களை ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் டேவிட் வெஸ்லி என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்றைக் கற்பனை செய்து பிரவுன்ஸ்டைன் என்று பெயர் வைத்தார். படைகள் ஊரை நெருங்கும் முன்பு ஊருக்குள் இருப்பவர்களையும் ஆடவைத்தால் என்ன? ஒருவருக்கு மேயர், ஒருவருக்கு வங்கிக்காரர், ஒருவருக்குப் பல்கலைக்கழக வேந்தர் என்று வேஷம் பிரித்துக் கொடுத்தார். படைகள் வந்ததும் வழக்கமான போர் தொடங்கும் என்பது அவர் திட்டம்.

போர் தொடங்கவே இல்லை. ஆடியவர்கள் தங்களுக்குள் ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், அடுத்த அறைக்குப் போய்ச் சதி செய்தார்கள், வாள் சண்டைக்குச் சவால் விட்டார்கள். எந்த விதிக்கும் அடங்காத கேள்விகளை வெஸ்லியிடம் கேட்டுத் திணறடித்தார்கள். எல்லாம் பாழாகிவிட்டது என்று நினைத்துத்தான் அவர் அன்றைக்கு ஆட்டத்தை முடித்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் அதைப் பிடித்துக்கொண்டு பிளாக்மூர் என்ற தன் சொந்த உலகத்தை உருவாக்கினார். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவில் இருந்த கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மரப்பலகை நிறத்தில் ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1,000 பிரதிகள். காட்டுவழிப் பயணத்துக்கு வரைபடம் வேண்டுமென்றால், ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு கம்பெனியின் விளையாட்டுப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் புத்தகமே யோசனை சொன்னது. அவர்கள் கொடுத்தது நிலமும் விதிகளும் பகடையும். கதை கொடுக்கவில்லை.

கதை பிறகு வந்தது. 1984 முதல் வந்த டிராகன்லான்ஸ் வரிசையில் தொடக்கம், நடு, உச்சக்கட்டம் எல்லாம் எழுதி அச்சிட்டே கொடுத்தார்கள். அது நன்றாக விற்றது, இன்றும் அந்த வகைதான் அதிகம் விற்கிறது. தவறொன்றும் இல்லை. நல்ல கதைக்குள் நடந்துபோவதும் சுகம்தான். ஆனால் “இடது பக்கம் போகிறோம்” என்று ஆடுகிறவர்கள் சொல்ல, கதை வலது பக்கம் இருப்பதால் நடத்துகிறவர் பாலத்தை உடைத்து, மழையைப் பெய்யவைத்து, காவலர்களை நிறுத்தி அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும்போது ஒரு சலிப்பு வருகிறது. ஆட்டக்காரர்கள் இதை ரயில்ரோடிங் என்று கேலி செய்வார்கள். சாண்ட்பாக்ஸ் ஆட்டத்தில் இடது பக்கம் போனால் இடது பக்கம் இருப்பதுதான் எதிரே வரும். அங்கே என்ன இருக்கிறது என்பதை நடத்துகிறவர் முன்பே யோசித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பகடையைக் கேட்க வேண்டும்.

மண்டை ஓடு தொலைந்த ஊர்

இப்படி ஓர் ஆட்டத்தைக் காஞ்சிபுரத்திலேயே நடத்திப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்குக்குப் பஞ்சமில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிற சமஸ்கிருத நகைச்சுவை நாடகம். சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணை தேவசோமையோடு கள்ளுக்கடை கள்ளுக்கடையாகத் திரிகிறான். பிச்சைப் பாத்திரமாக வைத்திருந்த மண்டை ஓட்டைக் காணோம். உள்ளே வறுத்த இறைச்சி வேறு இருந்தது. எடுத்தது நாயாக இருக்கலாம், அல்லது அங்கியின் கீழே எதையோ மறைத்துக்கொண்டு போகிற நாகசேனன் என்ற பௌத்தத் துறவியாக இருக்கலாம். துறவியைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். நியாயம் சொல்ல ஒரு பாசுபதன் வருகிறான். கடைசியில் நாயிடமிருந்து ஓட்டைப் பறித்த ஒரு பித்தன் வந்து சேர்கிறான்.

ஆட்டம் நடத்துகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய ஊர் இது. ஆளாளுக்கு ஒரு தேவை இருக்கிறது, ஒரு பொருள் தொலைந்திருக்கிறது, யாரும் முழு நல்லவரில்லை, ராஜாவே நாடகம் எழுதுகிறார். இதை மேசைக்குக் கொண்டுவர நாடகத்தின் முடிவைத் தூக்கி எறிந்தால் போதும். ஓடு எங்கே இருக்கிறது என்பது நடத்துகிறவருக்குத் தெரியும், நாயிடம். ஆனால் நாய் ஓரிடத்தில் நிற்கிற பிராணி இல்லை.

மூன்று பேர் ஆட வருகிறார்கள். ஒருவர் வணிகர் வீட்டுப் பெண், ஒருவர் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய், ஒருவர் காபாலிகனுக்குக் கடன் கொடுத்து மாட்டிக்கொண்ட கள்ளுக்கடைக்காரர். நடத்துகிறவர் “ஓட்டைத் தேடிப் போங்கள்” என்று சொல்ல மாட்டார். “காலை வேளை. கடை வாசலில் காபாலிகன் கத்திக்கொண்டிருக்கிறான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பார். அந்தக் கேள்விதான் மொத்த ஆட்டமும். வணிகர் வீட்டுப் பெண் துறவியின் பின்னாலேயே விகாரைக்குப் போகலாம். கடைக்காரர் வேறொரு மண்டை ஓட்டைத் தேடிப்பிடித்துக் கடனை அடைக்கச் சொல்லலாம். சிப்பாய் எதிலும் தலையிடாமல் ஊரைவிட்டு நழுவப் பார்க்கலாம்.

நழுவினால் என்ன நடக்கும்? இங்கேதான் நல்ல நடத்துனருக்கும் சுமாரான நடத்துனருக்கும் வித்தியாசம் தெரியும். வடக்கிலிருந்து இரண்டாம் புலிகேசியின் சாளுக்கியப் படை வந்துகொண்டிருக்கிறது. ஆடுகிறவர்கள் தேடினாலும் தூங்கினாலும் அது நாளுக்கு இத்தனை காதம் நகரும். நடத்துனர் தன் காகிதத்தில் நாள்களைக் குறித்துக்கொண்டே வருவார். ஓட்டைத் தேடி ஐந்து நாள் போக்கினால் ஆறாம் நாள் கோட்டைக்கதவு சாத்தப்படும். அந்தப் போரின் முடிவையும் அவர் எழுதி வைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் வரலாற்றிலேயே இரண்டு குரல்கள் இருக்கின்றன. பல்லவ அரசன் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது 634-ஆம் ஆண்டு ஐஹொளெக் கல்வெட்டு. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு, பகைவர் யாரென்று பெயர் சொல்லாமல். சிப்பாய் ஊருக்குள் இருந்தாரா, புள்ளலூருக்குத் திரும்பிப் போனாரா என்பதைப் பொறுத்து மேசையில் எது உண்மையாகிறதோ ஆகட்டும்.

பகடைக்கு இருபது முகக் கட்டையை இணையத்தில் தேடி வாங்க வேண்டியதில்லை. வீட்டுப் பரணில் கிடக்கிற பித்தளைத் தாயக்கட்டை போதும். இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு முகம் வெற்று. சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். மூன்று விழுவது எளிது, பதினாறில் நான்கு. தாயம் விழுவது பதினாறில் இரண்டு. இரண்டு முகமும் வெற்றாக விழுந்து பன்னிரண்டு ஆவது பதினாறில் ஒன்றுதான். பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எதிரே வருகிற ஆள் நட்பா பகையா என்பதற்கே பகடை உருட்டுவார்கள். நாம் இப்படி வைத்துக்கொள்ளலாம்: இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் பாசுபதன் சாதாரணமாகப் பேசுவான். ஐந்து, ஆறு என்றால் உதவுவான். தாயம் என்றால் கோபம். பன்னிரண்டு விழுந்தால் அவன் யார் என்பதே மாறிவிடும். அவன் புலிகேசியின் ஒற்றன். இது நடத்துகிறவருக்கும் அந்த நொடியில்தான் தெரியும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் கட்சி இருக்கிறது. ஆடுகிறவருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் சாண்ட்பாக்ஸைப் புகழ்வார்கள். அது சரி. ஆனால் அதைவிடப் பெரிய கவர்ச்சி, ஆட்டத்தை நடத்துகிறவருக்கும் அடுத்து என்ன என்று தெரியாது என்பதே. தெரிந்தவர் ஒருவர் மேசையில் இருந்தால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து விடை தேடுவார்கள், பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்ப்பதுபோல. யாருக்குமே தெரியாதபோதுதான் எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் கவனிக்கிறார்கள்.

பாயைச் சுருட்டிய பெருமாள்

ஒரு முடிவால் உலகம் நிஜமாகவே மாறுகிறது என்ற ருசிக்குக் காஞ்சியில் பழைய கதை ஒன்று உண்டு. திருவெஃகாவில் பள்ளிகொண்டிருப்பவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன், அரசனைப் பாட மறுத்தான். அரசன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்பினான், ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். போகிற போக்கில் பெருமாளிடமும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். பெருமாளும் எழுந்து பின்னாலேயே போய்விட்டார். ஊர் இருண்டது. அரசன் ஓடிவந்து காலில் விழ, மறுநாள் எல்லோரும் திரும்பினார்கள். ஓரிரவு தங்கிய இடம் இன்றைய ஓரிக்கை என்கிறது ஐதீகம்.

யாரும் எழுதிக்கொடுக்காத முடிவு, “நான் பாட மாட்டேன்” என்பது. எழுதப்பட்ட சாகசத்தில் இந்த இடத்தில் கதை நின்றுவிடும். பாடினால்தான் அடுத்த காட்சி. இந்தக் கதையிலோ மறுப்புக்கு உலகம் ஈடுகொடுக்கிறது, கூடவே நடக்கிறது. திரும்பி வந்த பிறகும் எல்லாம் பழையபடி ஆகவில்லை. வழக்கமான பள்ளிகொண்ட கோலத்துக்கு மாறாக அந்தப் பெருமாள் திசை மாறிப் படுத்திருக்கிறார். முடிவின் தழும்பு சன்னதியிலேயே தெரிகிறது. சாண்ட்பாக்ஸ் ஆடுகிறவர்கள் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது இந்த மாதிரித் தழும்புகளைத்தான். “நீ அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்ததால்தானே அந்த ஊரே பிறகு கைவிடப்பட்டது.” தாங்கள் ஜெயித்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

பென் ராபின்ஸ் என்ற அமெரிக்கர் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற ஆட்டம் சாண்ட்பாக்ஸ் ஆடுகிறவர்களிடையே பெயர்போனது. நிலையான குழு கிடையாது, நிலையான கிழமை கிடையாது. பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். யார் எங்கே போக விரும்புகிறார்களோ அவர்களே ஆள் சேர்த்து, நாள் குறித்து, நடத்துகிறவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். போய்வந்தவர்கள் கண்டதை மற்றவர்களிடம் சொல்வார்கள், பொது வரைபடம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். இதைப் படித்தபோது எனக்குப் பல்லவர் காலத்துக் காஞ்சியின் தண்டிதான் நினைவுக்கு வந்தார். அவருடைய தசகுமார சரிதத்தில் இளவரசனும் நண்பர்களுமாகப் பத்து இளைஞர்கள் திசைக்கொருவராகப் பிரிந்துபோய், பிறகு ஒன்றுகூடி அவரவர் பட்டதைச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்குக் காதலி கடித்ததில் உதடு புண். அதனால் உதடு ஒட்டும் எழுத்தே வராமல் தன் கதை முழுவதையும் சொல்லிமுடிக்கிறான். பாத்திரத்துக்கு நேர்ந்த காயத்தை ஆட்டத்தில் விடாமல் காப்பாற்றுகிற ஆட்டக்காரன் அவன். நம் மேசையில் அப்படி ஒருவர் கிடைத்தால் கோயில் கட்டலாம்.

அட்டை சொல்கிறபடி

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கு மேலே பார்த்தால் கொஞ்சம் விளங்கும். ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். எந்த இழை எழும்ப வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பதைத் துளைதான் சொல்லும். அன்னமோ யாளியோ மாங்காயோ, நெசவாளர் கால் மிதிக்கும் முன்பே அது தீர்மானிக்கப்பட்டுவிட்டது. வடிவமும் நிறமும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வருபவை. கை நேர்த்தி அவருடையது, கோர்வை போடுகிற நுணுக்கம் அவருடையது. அடுத்த ஊடை இழை மட்டும் அவர் முடிவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ கார்த் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற அவருடைய மகனுக்கும் அதே கதைதான், அங்கே வரிசை நகரும் வேகம் தீர்மானிக்கிறது. நீட் பயிற்சிக்குப் போகிற பேத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான்கு மணி நேரம் தன் வாயிலிருந்து வருகிற வார்த்தையால் ஓர் உலகம் அசைவதைப் பார்ப்பது இவர்களுக்கு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். கணினி விளையாட்டிலும் இது கிடைக்குமே என்பார்கள். மைன்கிராஃப்டில் குழந்தைகள் கட்டாத கோட்டையா? உண்மைதான், ஆனால் நிரலாளர் யோசிக்காத செயலை அங்கே செய்ய முடியாது. மேசையில் கள்ளுக்கடைக்காரர் “நான் ராஜாவுக்கே ஒரு நாடகம் எழுதி அனுப்புகிறேன்” என்று சொல்லலாம். நடத்துகிறவர் ஒரு நொடி திகைத்துவிட்டு, கட்டையை உருட்டச் சொல்வார்.

சுதந்திரத்தின் தொல்லைகள்

இது எல்லோருக்கும் ஒத்துவராது. “இங்கே நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்” என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்குகிற நடத்துனர்கள் நிறைய. பசியோடு வந்தவரிடம் அடுப்படியைக் காட்டி எது வேண்டுமானாலும் சமைத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி அது. ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பத்து நிமிடத்தில் போன் கைக்கு வந்துவிடும். கத்துகிற காபாலிகனும் நெருங்குகிற படையும் இல்லாத காஞ்சியில் யாருக்கும் செய்ய ஒன்றுமில்லை. கூத்திலும் இது உண்டு. இசைவும் அடக்கமும் இல்லாத கட்டியங்காரன் கையில் அகப்பட்ட இரவு இரட்டை அர்த்தப் பேச்சாக நீண்டு நாற்றமடிக்கும். அதையும் பார்த்தவர்கள்தான் நாம்.

இன்னொரு தொல்லை ஆழமானது. எழுதாத பேச்சு யாரையாவது காயப்படுத்திவிடலாம். துகில் உரியும் இரவில் துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்துவார். சூடம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடுவார். இது கதைக்காகச் செய்வது, என்னைப் பொறுத்துக்கொள் தாயே என்று விண்ணப்பித்துவிட்டுத்தான் மறுபடி துச்சாதனன் ஆவார். கூட்டத்தில் யாருக்காவது ஆவேசம் வந்தால் விபூதி பூசி ஆற்றுப்படுத்தவும் ஆள் இருக்கும். மேசை விளையாட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகள் ஆடிய பிறகுதான் இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஜான் ஸ்டவ்ரோபோலஸ் என்பவர் பரப்பிய எக்ஸ்-கார்டு முறையில் மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு சீட்டு இருக்கும். காட்சி பொறுக்க முடியாமல் போனால் அதைத் தொட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டாம், அந்தக் காட்சி அப்படியே கைவிடப்படும். சூடத்துக்கு இருக்கிற கனம் அந்தச் சீட்டுக்கு இல்லை. இருந்தாலும் நிறுத்துகிற உரிமை எல்லோர் கைக்கும் வந்திருக்கிறது. கூத்தில் அது வேஷக்காரர் கையில் மட்டும்தான் இருந்தது.

பார்வையாளர் விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். கூத்துக்குக் கூட்டம் வேண்டும். இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆளே இல்லை, ஆடுகிறவர்கள்தான் பார்ப்பவர்களும். 2015-இல் கிரிட்டிக்கல் ரோல் என்ற அமெரிக்க நிகழ்ச்சி தொழில்முறைக் குரல்நடிகர்களை உட்காரவைத்து ஆடுவதையே ஒளிபரப்பியது, பெரும் ரசிகர் கூட்டமும் சேர்ந்தது. எனக்கு அதில் அரைமனம்தான். கேமரா வந்ததும் எல்லோரும் அழகாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த ஆட்டத்தின் நல்ல தருணங்கள் வெளியாளுக்குச் சொன்னால் சப்பென்றிருப்பவை.

துரியோதனன் சரியென்றால்

இனி அந்தப் புதிய பாதி. கூத்தில் வழி திறந்தது, முடிவு மூடியது. துரியோதனன் வேஷக்காரர் இரவெல்லாம் வாதாடலாம், பாடலாம், கூட்டத்தை அழவைக்கலாம். படுகளத்தில் மண்ணால் செய்த அவனுடைய மாபெரும் உருவம் காலையில் மல்லாந்து கிடக்கும். அவன் தொடையிலிருந்து எடுத்த குருதியால் திரௌபதி கூந்தல் முடிவாள், பிறகு தீமிதி. இதில் எதையும் மாற்ற எந்த வாத்தியாருக்கும் அதிகாரமில்லை. ஊரின் நேர்த்திக்கடனும் மழையும் விளைச்சலும் அதில் கட்டப்பட்டிருக்கின்றன. பாரதத்தின் பெரிய திருப்பமே பகடையில்தான் நடக்கிறது என்றாலும் களரியில் சகுனி உருட்டுகிற பகடை ஒருநாளும் தப்பி விழாது.

பெரிய காஞ்சிபுரத்துப் பாண்டவதூதப் பெருமாள் கோயிலில் கிருஷ்ணன் 25 அடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறான். தூது வந்தவனுக்குத் துரியோதனன் நிலவறைக்குழியின் மேல் ஆசனம் போட்டான், உட்கார்ந்ததும் ஆசனம் சரிந்தது, கிருஷ்ணன் விசுவரூபம் எடுத்தான் என்பது தலபுராணம். கிருஷ்ணன் தூது கூத்தில் பாதி ராஜ்யம் கேட்பார்கள், பிறகு ஐந்து ஊர், பிறகு ஐந்து வீடு. இல்லை, இல்லை, இல்லை.

சாண்ட்பாக்ஸ் மேசையில் துரியோதனனை ஆடுகிறவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஐந்து ஊர்தானே, எடுத்துக்கொள்” என்று சொல்லிவிட முடியும். யாரும் அவரைத் தடுக்கக் கூடாது. அப்போது அரவான் பலியாக வேண்டியதில்லை. அபிமன்யு பிழைப்பான். கர்ணனிடம் அவன் பிறப்பைச் சொல்ல வந்த குந்தி என்ன செய்வாள் என்று தெரியவில்லை. கூந்தலை முடிய மாட்டேன் என்று சபதம் போட்ட திரௌபதி இந்தச் சமாதானத்துக்கு ஒத்துக்கொள்வாளா? அவளை ஆடுகிறவர் மாட்டேன் என்கிறார். தருமன் சமாதானம் சொல்கிறான், அவள் கேட்கவில்லை, தனியாகக் கிளம்புகிறாள். பீமனை ஆடுகிறவர் யார் பக்கம் என்று இன்னும் சொல்லவில்லை. மணி பத்தாகிவிட்டது, கடைசிப் பேருந்துக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை இருக்கிறது: அந்த ஐந்து ஊர் எவை, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், பாண்டவர்கள் வந்து இறங்குவதில் அவர்களுக்கு விருப்பமா என்று எழுதி வைக்க வேண்டும்.